கடிவாளத்தை இழுத்தும் குதிரை ஏன் நிற்கவில்லை?

இந்த எபிசோடை குன்னூர்ல எங்க வீட்டு மாடி ரூம்ல உட்கார்ந்து பதிவு பண்ணினேன். பின்னாடி மழை தகரக் கூரை மேல கொட்டிக்கிட்டே இருந்தது. எடிட்டிங்ல எடுக்கப் பார்த்தோம், முடியல. இதை எழுத்தா படிக்கிறவங்க தப்பிச்சீங்க.

லீவுக்கு ஊட்டி, குன்னூர் வர்றவங்கள்ல பாதிப் பேராவது ஒரு தடவை குதிரை மேல ஏறுறாங்க. ஏரிக்கரைல ஒரு ரவுண்டு, ஒரு போட்டோ, முடிஞ்சது. அது முடியாம போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். ஏன்னா ஒன்பதாவது படிக்கிறப்போ ஒரு குதிரை என்னைத் தூக்கிக்கிட்டு ஓடிச்சு.

மே மாசம். சிம்ஸ் பார்க்ல பழக் கண்காட்சி நடந்துக்கிட்டிருந்தது. சென்னையில இருந்து சித்தி குடும்பம் வந்திருந்தாங்க. கூட்டம் தாங்காம நாங்க ஊருக்கு வெளிய ஒரு எஸ்டேட் ரோட்டுக்குப் போயிட்டோம். அங்க ஒருத்தர் ரெண்டு மட்டக் குதிரைகளோட நின்னுக்கிட்டிருந்தார். என்னை பிரவுன் கலர் குதிரை மேல ஏத்தினார். "பாப்பா, ஆடாம உக்காரணும், நான் கயிறைப் பிடிச்சிருக்கேன்"னு சொன்னார். ஒரு அஞ்சு நிமிஷம் எல்லாம் நல்லாத்தான் போச்சு. ரெண்டு பக்கமும் தேயிலை, நடுநடுவுல சில்வர் ஓக் மரம், லேசா தூறல்.

அடுத்த நொடி குதிரை எனக்குக் கீழ குறுகின மாதிரி இருந்தது. அப்புறம் நேரா பாய்ஞ்சது. கயிறு அவர் கையை உருவிக்கிட்டு வந்துடுச்சு.

நான் என்ன பண்ணேன்னு ஒண்ணு விடாம ஞாபகம் இருக்கு. கத்தினேன். முன்னாடி குனிஞ்சு பிடரியைக் கட்டிக்கிட்டேன். ரெண்டு காலாலயும் வயித்தை இறுக்கினேன். ரெண்டு வாரையும் சேர்த்து, பலம் எல்லாம் போட்டு இழுத்தேன். குதிரை இன்னும் வேகமாப் போச்சு.

அந்தக் குதிரைக்குத் திமிர்னுதான் ரொம்ப வருஷம் நினைச்சுக்கிட்டிருந்தேன். அப்புறம்தான் புரிஞ்சது. நான் பண்ண நாலு காரியமும் குதிரை பாஷைல ஒரே வார்த்தை: "ஓடு".

இதை நிதானமா பார்ப்போம். குதிரை ஒரு இரை. மாடு, மான் மாதிரி. அதுக்குக் கொம்பு கிடையாது, புலிப் பல்லும் கிடையாது. இருக்கிறது நாலு கால். கடிக்கும், உதைக்கும், ஆனா அதெல்லாம் வழி இல்லாதப்போதான். அதோட முதல் பதில் ஓட்டம். முதல்ல ஓடும், கொஞ்ச தூரம் போனதுக்கு அப்புறம்தான் திரும்பிப் பார்த்து "அது என்ன?"ன்னு யோசிக்கும். யோசிச்சிட்டு ஓடின குதிரைகள் எல்லாம் எப்பவோ ஓநாய்க்கும் சிங்கத்துக்கும் சாப்பாடா போயிடுச்சு. இன்னிக்கு நாம பார்க்கிறது யோசிக்காம ஓடினவங்களோட பேரப் பிள்ளைங்க.

கண்ணையே எடுத்துக்குங்க. நமக்கு முன்னாடி இருக்கு, குதிரைக்கு ரெண்டு பக்கத்துல. அதனால தலையைத் திருப்பாமலே கிட்டத்தட்ட 350 டிகிரி வரைக்கும் பார்க்க முடியும். பார்க்க முடியாதது ரெண்டே இடம்: வாலுக்கு நேர் பின்னாடி, நெத்திக்கு நேர் முன்னாடி கொஞ்சம். பக்கவாட்டுல ஒரு சின்ன அசைவு தெரிஞ்சாலும் போதும், அது என்னன்னு தெளிவாத் தெரியணும்னு அவசியமே இல்ல. குன்னூர் மாதிரி இடத்துல இது எவ்வளவு சிக்கல்னு யோசிச்சுப் பாருங்க. மூடுபனிக்குள்ள இருந்து திடீர்னு ஒரு லாரி. புதருக்குப் பின்னாடி காட்டெருமை. இடுப்புல பிளாஸ்டிக் ஷீட் கட்டிக்கிட்டு கொழுந்து பறிக்கிற ஒருத்தர் சட்டுனு நிமிர்றாங்க, ஷீட் படபடங்குது. சில நேரம் சிறுத்தை போன வழியில வாசனை மட்டும் மிச்சம் இருக்கும். நமக்கு ஒண்ணுமே தெரியாது, குதிரைக்கு அது ஒரு பெரிய செய்தி.

ஓட ஆரம்பிச்ச உடனே உள்ளுக்குள்ள என்ன நடக்குதுங்கிறது இன்னும் சுவாரசியம். சும்மா நிக்கிற குதிரைக்கு இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு 30, 40 தான். முழு ஓட்டத்துல 200-ஐத் தாண்டும். மண்ணீரல்ல சேமிச்சு வெச்சிருக்கிற சிவப்பணுக்களை உடம்பு ஒரே மூச்சுல ரத்தத்துக்குள்ள தள்ளிடும். நாலுகால் பாய்ச்சல்ல ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு, காலும் நுரையீரலும் ஒரே தாளத்துக்கு வந்துடும். மணிக்கு 40 கிலோமீட்டர்னு வெச்சுக்கிட்டா, ஒரு நொடிக்கு 11 மீட்டர். மேல உட்கார்ந்திருக்கிற 40 கிலோ பொண்ணு இந்த உடம்பை கை பலத்தால நிறுத்தப் போறாளா?

இப்போ கடிவாளத்துக்கு வருவோம். "கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடிக்கும்"னு ஒரு பழமொழி இருக்கு இல்லையா? வேலைக்கு டிமிக்கி குடுக்கிறவங்களைக் கிண்டல் பண்ணத்தான் சொல்லுவோம். ஆனா குதிரை பக்கம் நின்னு பார்த்தா அது ரொம்ப நியாயமான முடிவு. குதிரைக்கு முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவுல பல்லே இல்லாத ஒரு இடைவெளி இருக்கு. வெறும் ஈறு, அதுக்குக் கீழ எலும்பு. கடிவாளத்தோட இரும்பு அங்கதான் உட்காரும். பழகின கை லேசா தொட்டா அது ஒரு தகவல். பயந்த கை முழு பலத்தோட தொங்கினா அது வலி. ஏற்கனவே எதையோ கண்டு பயந்து ஓடுற மிருகத்துக்கு வாயிலயும் வலி வந்தா என்ன நினைக்கும்? "பிடிச்சிடுச்சு, இன்னும் வேகமா ஓடு."

இன்னொரு விஷயமும் இருக்கு. தொடர்ந்து ஒரே சீரா இழுத்தா குதிரை அந்த இழுப்பு மேலயே சாய்ஞ்சுக்கும். தலையை மேல தூக்கி இரும்பைக் கடைவாய்ப் பல்லுக்கிட்ட நகர்த்திக்கிட்டா, அப்புறம் நீங்க இழுக்கிறது சுவத்தை இழுக்கிற மாதிரிதான். கயிறிழுப்புப் போட்டியில நம்ம எதிர்ல நிக்கிறவர் எடை 300 கிலோ.

காலை இறுக்கினேன்னு சொன்னேன் இல்ல? சவாரிக்குப் பழக்கின குதிரைக்கு வயித்துல ரெண்டு பக்கமும் அழுத்தினா "போ"ன்னுதான் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. முன்னாடி குனிஞ்சு பிடரியைக் கட்டிக்கிட்டதும் அப்படித்தான். ரேஸ்ல ஜாக்கி எப்படி உட்கார்றார்னு பாருங்க. முன்னாடி குனிஞ்சு, எடை எல்லாம் தோள்பட்டைக்கு மேல. பயந்தா மனுஷ உடம்பு சுருண்டுக்கும், அது நம்ம இயல்பு. அந்தச் சுருட்டல்தான் குதிரைக்கு ஜாக்கியோட உத்தரவு. ரெண்டு மிருகங்களோட பயமும் ஒண்ணை ஒண்ணு ஏத்தி விட்டுக்கிட்டே போகுது.

இது சும்மா சொல்றது இல்ல. ஸ்வீடன்ல லிண்டா கீலிங்கும் கூட இருந்தவங்களும் ஒரு சோதனை பண்ணாங்க, 2009-ல வெளியாச்சு. சிலரைக் குதிரையைக் கையில பிடிச்சுக்கிட்டும் சிலரை மேல ஏறியும் ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு நாலு தடவை போகச் சொன்னாங்க. நாலாவது தடவைக்கு முன்னாடி மட்டும், "நீங்க கடக்கிறப்போ ஒரு குடையைப் பட்டுனு விரிப்போம்"னு சொன்னாங்க. குடையை விரிக்கவே இல்ல. ஆனா மனுஷங்களோட இதயத் துடிப்பு ஏறிடுச்சு. குதிரையோட இதயத் துடிப்பும் ஏறிடுச்சு. குதிரைக்கு யாரும் குடையைப் பத்திச் சொல்லல. அதுக்கு வந்த ஒரே செய்தி நம்ம உடம்புதான்.

இந்தச் சோதனையைப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல. காரணத்தைக் கடைசில சொல்றேன்.

நம்ம கதைகள்ல குதிரையை "அடக்குறவன்"தான் ஹீரோ. செஞ்சி தேசிங்கு ராஜா கதை ஞாபகம் இருக்கா? 1714-ல ஆற்காட்டு நவாப் படையோட மோதி செத்துப்போன இளைஞன். யாராலயும் ஏற முடியாத டெல்லி பாதுஷாவோட குதிரையை அவர் அடக்கினார்னு கதைப்பாட்டு சொல்லும், குதிரை பேர் பாராசாரி. எனக்கு அந்தக் கதை பிடிக்கும். ஆனா குதிரைக்காரங்ககிட்ட பேசினா, அவங்க அலெக்சாண்டர் பக்கம்தான் நிப்பாங்க. புளூடார்க் எழுதி வெச்சிருக்கிற கதை: பியூசிஃபலஸ் குதிரைகிட்ட யாரும் நெருங்க முடியல. சின்னப் பையன் அலெக்சாண்டர் மட்டும், அது தன் நிழலைப் பார்த்து பயப்படுதுன்னு கண்டுபிடிச்சு, சூரியனைப் பார்த்து திருப்பி நிறுத்தினானாம். நடந்ததோ இல்லையோ, எதுக்கு பயப்படுதுன்னு முதல்ல பார்த்தான் பாருங்க, அதுதான் விஷயம்.

எல்லா ஓட்டமும் பயம் இல்லைங்கிறதையும் சொல்லணும். கூட்டத்துல இருக்கிற குதிரை, பக்கத்துக் குதிரை ஓடினா தானும் ஓடும். ஊட்டிக்குப் பக்கத்துல வென்லாக் டவுன்ஸ்னு பரந்த புல்வெளி இருக்கு, 1890-கள்ல மெட்ராஸ் கவர்னரா இருந்த வென்லாக் பிரபு பேர்ல. வெள்ளைக்காரங்க அங்க குதிரை மேல ஏறி வேட்டை நாய்களோட நரியைத் துரத்துவாங்க, அதுக்கு ஊட்டி ஹண்ட்னு பேர். நரியைப் பரியாக்கின கதையைக் கேட்டு வளர்ந்த நாட்டுல, பரி மேல ஏறி நரியைத் துரத்தினாங்க. அந்த மாதிரி கூட்டத்துல நிறுத்த நினைக்கிறவராலயும் நிறுத்த முடியாது, ஏன்னா குதிரைக்கு மத்த குதிரைங்க சொல்றதுதான் கேட்கும். ஊட்டி ரேஸ்கோர்ஸ்ல பந்தயம் நடந்த காலத்துல, எந்தப் பந்தய மைதானத்துலயும் நடக்கிற மாதிரி, பந்தயம் தொடங்கறதுக்கு முன்னாடியே ஒரு குதிரை ஜாக்கியை இழுத்துக்கிட்டு ஒரு ரவுண்டு ஓடிட்டு வந்தா அதைப் பந்தயத்துல இருந்தே எடுத்துடுவாங்க. அது பயத்துல ஓடினது இல்ல, ஆர்வக்கோளாறு. ஆனா மேல இருக்கிறவருக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

சரி, நாளைக்கு உங்களுக்கே நடந்தா? இதைக் கேட்டுட்டு யாரும் குதிரையேற்ற வீரர் ஆகிட முடியாது. ஆனா நான் அன்னிக்கு பண்ணதுக்கு நேர் எதிரா சில விஷயங்கள் பண்ணலாம்.

முதல்ல மூச்சை வெளிய விடுங்க. கத்தாதீங்க. கத்தலுக்குப் பதிலா தாழ்ந்த குரல்ல எதையாவது சொல்லிக்கிட்டே இருங்க, பெருக்கல் வாய்ப்பாடு சொன்னாலும் பரவாயில்ல. பேசணும்னா மூச்சு விட்டாகணும், அதுக்குத்தான். முதுகை நிமிர்த்தி, இடுப்பைச் சேணத்துல அழுத்தி, பின்னாடி சாய்ஞ்ச மாதிரி உட்காருங்க. குதிகாலைக் கீழ அழுத்துங்க. முழங்கால் பிடி தளர்ந்தா விழுந்துடுவோம்னு தோணும். உண்மையில இறுக்கினாத்தான் மேல எகிறுவீங்க.

வாரை ஒரேயடியா இழுக்காம, இழுத்து விடுங்க, மறுபடி இழுத்து விடுங்க. சாய்ஞ்சுக்க அதுக்கு ஒரு சுவர் கிடைக்கக் கூடாது. இடம் இருந்தா ஒரு பக்கத்து வாரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து பெரிய வட்டத்துக்குக் கொண்டு வரலாம். வட்டம் சின்னதாக ஆக வேகம் குறையும். ஆனா யூடியூப்ல பார்த்துட்டு எஸ்டேட் ரோட்டுல இதை முயற்சி பண்ணாதீங்க. முழு வேகத்துல ஓடுற குதிரையோட தலையைச் சட்டுனு ஒரு பக்கம் திருப்பினா, நிலை தடுமாறி உங்களோட சேர்ந்து அதுவும் விழும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்னா நேரா போறதே நல்லது. மலையில நமக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. ஏத்தம் வரும். ஏத்தத்துல எந்தக் குதிரையும் களைக்கும்.

குதிச்சிடலாமான்னு கேட்பீங்க. பெரும்பாலும் வேண்டாம். குதிச்சே ஆகணும்னா, இல்ல விழப் போறோம்னு தெரிஞ்சா, முதல்ல ரெண்டு காலையும் அங்கவடியில இருந்து எடுத்துடுங்க. விழறதை விட ஆபத்தானது கால் மாட்டிக்கிட்டு இழுபடுறது. அதனாலதான் சவாரி பூட்ஸுக்குச் சின்னதா ஒரு ஹீல் இருக்கும், பாதம் அங்கவடிக்குள்ள முழுசா நுழைஞ்சிடாம தடுக்க. ரப்பர் செருப்போட ஏறுறவங்களைப் பார்க்கிறப்போ எல்லாம் எனக்கு வயித்தைக் கலக்கும். கீழ விழுந்தா வாரை விட்டுடுங்க. பிடிச்சுக்கிட்டே இருக்காதீங்க.

பக்கத்துல நிக்கிறவங்களுக்கும் வேலை இருக்கு. துரத்தாதீங்க. பைக்கை எடுத்துக்கிட்டு பின்னாடி போகாதீங்க. பின்னாடி ஓடி வர்ற எதுவும் குதிரைக்குப் புலிதான். கூட இன்னொரு குதிரை இருந்தா அதை அப்படியே நிறுத்துங்க. அது அமைதியா நிக்கிறதைப் பார்த்தா, ஓடினது திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

ஏறுறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியதுதான் இதை எல்லாம் விட முக்கியம். ஹெல்மெட் தருவாங்களான்னு கேளுங்க. இல்லைன்னா ஏறாதீங்க, குழந்தையை ஏத்தாதீங்க. இதுல நான் கொஞ்சம் கறார். வயித்து வார் இறுக்கமா இருக்கான்னு அவரையே ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க. குதிரை நொண்டுதா, சேணத்துக்குக் கீழ புண் இருக்கான்னு பாருங்க. வலியோட இருக்கிற குதிரை சின்ன விஷயத்துக்கும் மிரளும். ஊட்டி ரோட்டுல ஆளில்லாம குப்பையைக் கிளறிக்கிட்டு நிக்கிற குதிரைகளைப் பார்த்திருப்பீங்க. தீனிச் செலவு கட்டுப்படி ஆகாம அவிழ்த்து விட்டது. ராத்திரி பூரா ஹாரன் சத்தத்துல நின்னுட்டு காலையில சவாரிக்கு வர்ற குதிரை எந்த மனநிலையில வரும்? குதிரைக்காரர் மேலயும் முழுக்கக் கோபப்பட முடியல. ரெண்டு மாச சீசன் வருமானத்துல பன்னெண்டு மாசம் கொள்ளும் புல்லும் வாங்கணும்.

அப்புறம், கையில எதுவும் இருக்கக் கூடாது. செல்ஃபி ஸ்டிக், குடை, காத்துல பறக்கிற துப்பட்டா, பிளாஸ்டிக் கவர், எதுவும்.

இங்கதான் என் கதை பாக்கி இருக்கு.

அன்னிக்கு தூறல் வலுத்தப்போ, நான் இடுப்புல கட்டியிருந்த பிளாஸ்டிக் ரெயின்கோட்டை அவிழ்த்து உதறினேன். நீலக் கலர், புதுசு, மடிப்புக் கூட கலையல. குதிரையோட வலது கண்ணுக்குப் பின்னாடி, நல்லா சத்தத்தோட. அதுக்கு அப்புறம்தான் அது பாய்ஞ்சது. ஓடுறப்போவும் அது என் கையிலதான் இருந்தது, வாரோட சேர்த்துப் பிடிச்சிருந்தேன். காத்துல படபடன்னு அடிச்சுக்கிட்டே வந்தது. அதாவது குதிரை எதைப் பார்த்து ஓடிச்சோ, அதை நான் கூடவே எடுத்துக்கிட்டுப் போனேன். எவ்வளவு ஓடியும் அதால தப்பிக்க முடியல.

ஒரு வளைவுல ரெயின்கோட் கை நழுவி விழுந்தது. அதுக்கு அப்புறம் ஏத்தம். கொழுந்து பறிச்சுக்கிட்டிருந்தவங்கள்ல வயசான ஒரு அம்மா, குறுக்க ஓடப் போன பசங்களை "யாரும் ஓடாதீங்கடா, நில்லுங்க"ன்னு அதட்டினாங்க. குதிரை நடைக்கு வந்து, ரோட்டோரப் புல்லுக்கிட்ட நின்னுடுச்சு. உடம்பெல்லாம் வேர்வை, நடுங்கிக்கிட்டிருந்தது. நானும்தான். அந்த அம்மா என்னை இறக்கி விட்டாங்க.

குதிரைக்காரர் ஓடி வந்தார். உள்ளங்கைல கயிறு அறுத்துத் தோல் உரிஞ்சிருந்தது. பின்னாடியே அப்பா. "ஒண்ணும் ஆகலையே கண்ணு"ன்னு என்னைத் தடவிப் பார்த்துட்டு அவர் பக்கம் திரும்பினார். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "பாப்பா, கையில ஏதாச்சும் எடுத்தியா?"

நான் "இல்ல"ன்னு சொன்னேன்.

அப்பா காசு கொடுக்கல. "பைத்தியக் குதிரையை வெச்சுக்கிட்டு குழந்தைங்களை ஏத்துறியா"ன்னு கத்தினார். கூடி நின்ன எல்லாரும் கத்தினாங்க. அவர் அந்தக் கயிறாலயே குதிரையை நாலு அடி அடிச்சார், எங்க முன்னாடி, எங்களுக்காக. இறங்கி வர்றப்போ வளைவுல ரெயின்கோட் கிடந்தது. தங்கச்சி எடுத்துக்கிட்டு வந்தா. யாரும் எதுவும் கேட்கல. அடுத்த நாளும், அதுக்கு அடுத்த நாளும் அந்த ரோட்டுல குதிரை இல்ல.

ஸ்வீடன் குடையைப் பத்திப் படிச்சிட்டு அப்பாவுக்கு போன் பண்ணி இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. "அந்த ஆளு பேரு கூட நாம கேக்கல"ன்னார்.

போன வாரம் இந்த எபிசோடுக்காக மறுபடி ஒரு குதிரை மேல ஏறினேன், இருபது நிமிஷம், நடை மட்டும். ஃபோன், பை, ஸ்கார்ஃப் எல்லாத்தையும் கீழயே கொடுத்துட்டேன். குதிரைக்காரத் தம்பி என்னை ஒரு தடவை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "அக்கா, அந்த ஜாக்கெட் ஜிப்பையும் போட்டுக்கங்க, பறக்கும்"னு சொன்னார். போட்டுக்கிட்டேன்.